பத்து மாதம் நல்ல பிள்ளையாக இருந்த பிரிண்டர்

2024 ஒக்டோபரில் ஹட்டன் நகரக் கடையொன்றில் 31,500 ரூபா கொடுத்து நான் வாங்கிய, அச்சிடவும் ஸ்கேன் செய்யவும் போட்டோகொப்பி எடுக்கவும் கூடிய ஓர் இங்க்ஜெட் பிரிண்டரைப் பற்றிய மதிப்புரை இது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. கடைக்காரர் மீதும் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. அவர் விற்ற பொருள் இன்றும் பழுதில்லாமல்தான் இருக்கிறது. பழுதில்லாத பொருள் ஏன் வேலை செய்யவில்லை என்பதே இங்கு பேச வேண்டிய விடயம்.

நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் நான், மாலை வேளைகளில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு நடத்துகிறேன். வாரத்துக்கு ஒரு மாதிரி வினாத்தாள், தாளுக்கு நான்கு பக்கம் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள் ஆகின்றன. ஹட்டனுக்குப் போய்ப் போட்டோகொப்பி எடுத்தால் பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபா. பஸ் கட்டணமும், மழையில் தாள்கள் நனைந்துவிடாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவரும் பாடும் தனி. வீட்டிலேயே ஒரு பிரிண்டர் இருந்தால் ஓராண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுத்தை அச்சிடுவதில் மலிவான பிரிண்டர்கள் பெரும்பாலும் தோற்கும் இடம் புள்ளியாகும். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துபோனால் பத்து வயதுப் பிள்ளை ‘பட்டம்’ என்பதைப் ‘படடம்’ என்று வாசித்துவிட்டு விழிக்கும். இந்தப் பிரிண்டரில் எழுத்தின் அளவு 11ஆக இருந்தபோதும் புள்ளிகள் தெளிவாக விழுந்தன; ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் ஒன்றோடொன்று குழம்பவில்லை. பனிமூட்டக் காலத்தில் எங்கள் வீட்டில் தாள் ஈரம் குடித்து ஓரம் சுருண்டுவிடும். அப்படிப்பட்ட தாளையும் அது சிக்கிக்கொள்ளாமல் இழுத்தது. சத்தமும் குறைவு. அச்சின் தரத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பது போடுவேன்.

கணக்கு இடறியது மையில்தான். கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டியில், நிறுவனத்தின் அசல் கறுப்பு 6,500 ரூபா. எனக்கு அதில் கிடைத்தவை ஏறத்தாழ 170 பக்கங்கள், அதாவது பக்கத்துக்கு 38 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், என் வகுப்புக்கு வரும் பிள்ளையின் தாய் ஐந்து நாள் முழுப்பேர் போட்டு, அதாவது முழுநாள் வேலை செய்து, கொழுந்து பறித்தால்தான் அந்த ஒரு சிறிய பெட்டியை வாங்கலாம். இதைக் கடைக்காரரும் அறிவார். அதனால்தான் விற்கும்போதே, “கொம்படிபிள் கார்ட்ரிட்ஜ் இருக்குங்க சேர், 1,500 ரூபாதான், எல்லாரும் அதைத்தான் போடுறாங்க” என்று சொல்லி, வேறு நிறுவனம் செய்த அந்த வகையில் இரண்டைக் கையில் கொடுத்தனுப்பினார். அதன்படி பக்கத்துக்கு ஒன்பது ரூபா ஆயிற்று. பத்து மாதம் நான் அதைத்தான் பாவித்தேன். அச்சில் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை, பிள்ளைகளும் காணவில்லை.

2025இல் புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட் 10ஆம் திகதி நடந்தது. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிரிண்டரின் சிறிய திரையில் புதுப்பிப்பு நடைபெறுவதாக ஓர் அறிவித்தல் ஓடியது. நான் எதையும் அழுத்தவில்லை. வைஃபை இணைப்பு இருந்ததால் அது தானாகவே தன் மென்பொருளை இறக்கி நிறுவிக்கொண்டது. காலையில் வினாத்தாளை அச்சிட முனைந்தபோது, பொருத்தப்பட்டுள்ள கார்ட்ரிட்ஜில் நிறுவனத்தின் சிப் இல்லை என்றும், ஆகவே அதைப் பயன்படுத்த இயலாது என்றும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. முந்திய நாள் மாலை வரை அதே கார்ட்ரிட்ஜில்தான் அச்சிட்டிருந்தேன். அதற்குள் இருந்த மை முக்கால்வாசி மிச்சம்.

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் பிரிண்டர் திருத்தும் ஓர் இளைஞரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கார்ட்ரிட்ஜைத் திருப்பி, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பச்சைத் தகட்டைக் காட்டினார். அதன் மீது செம்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. பிரிண்டர் மையைப் பார்ப்பதேயில்லை, இந்தப் பொட்டுகளின் வழியாகச் சிப்பை மட்டுமே விசாரிக்கிறது என்பது அவருடைய விளக்கம். கார்ட்ரிட்ஜ் யாருடையது, எந்த நாட்டு விற்பனைக்கு உரியது, எத்தனை துளி மை செலவாகியிருக்க வேண்டும் என்ற கணக்கு ஆகிய எல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கின்றன. “மை இருக்குங்க சேர். சிப்புதான் அது என்னோடது இல்லேன்னு சொல்லுது” என்றார். பின்னர், நான் வீசாமல் வைத்திருந்த பழைய அசல் கார்ட்ரிட்ஜிலிருந்து மெல்லிய பிளேடினால் சிப்பைப் பெயர்த்தெடுத்து, ஒட்டுநாடாவால் புதியதில் பதித்துப் போட்டுப் பார்த்தார். பிரிண்டர் அசல்தான் என்று இம்முறை ஒப்புக்கொண்டது. ஆனால் மை தீர்ந்துவிட்டது என்றது. தீர்ந்துவிட்டதாகச் சிப்பில் ஒருமுறை எழுதப்பட்டால், இந்த மாடலில் அதை அழிக்க வழியில்லையாம். பழைய மென்பொருளுக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. அவர் என்னிடம் காசு வாங்கவில்லை.

‘தீர்ந்துபோன’ அந்த அசல் கார்ட்ரிட்ஜை வீட்டில் உடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த பஞ்சு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பிழிந்த விரல்களில் கறுப்பு இரண்டு நாள் போகவில்லை.

அசல் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திராது என்று சொல்பவர்களுக்காக இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவருடைய மகள் கட்டாரில் வேலை செய்கிறார். அந்த வாரம் விடுமுறையில் வரவிருந்த அவரிடம் சொல்லி, அங்குள்ள பெரிய கடையொன்றில் இதே நிறுவனத்தின் அசல் கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒன்றை, பற்றுச்சீட்டோடு, வாங்கிவரச் செய்தேன். அதையும் இங்கே வாங்கிய அசல் பெட்டியையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். படம் ஒன்று, நிறம் ஒன்று, இலக்கமும் ஒன்று. இலக்கத்தின் கடைசியில் வரும் இரண்டு எழுத்துகள் மட்டும் வேறு. பிரிண்டர் அதையும் ஏற்கவில்லை, பிராந்தியம் பொருந்தவில்லையாம். தன் சொந்தப் பிள்ளையையே யாரென்று தெரியாது என்று சொல்லும் இயந்திரத்திடம் தரத்தைப் பற்றிய நியாயத்தை எப்படி எதிர்பார்ப்பது? ஒரு நாட்டில் ஒரு விலைக்கும் மற்றொரு நாட்டில் வேறு விலைக்கும் விற்பதற்கு வசதியாகப் போடப்பட்ட வேலி என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நிறுவனங்கள் தம் பக்கத்துக்குக் கூறும் நியாயத்தில் ஓரளவு உண்மை உண்டு. மட்டமான மை அச்சுத் தலையின் நுண்துளைகளில் உறைந்து அடைத்துவிடும்; சக ஆசிரியர் ஒருவரின் பிரிண்டர் அப்படி வீணானதை நானே கண்டிருக்கிறேன். அப்படியானால் வேறு மை போட்டவருக்கு வொரண்டி இல்லை என்று சொல்லிவிடலாம், அது முறையானதே. வொரண்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும், என் வீட்டில் என் காசில் வாங்கிய பொருளுக்குள் இரவோடு இரவாகப் புகுந்து பூட்டுப் போடுவது அதிலிருந்து முற்றிலும் வேறான செயல்.

இது புதிய வழக்கும் அல்ல. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், ஒருமுறை மட்டுமே பாவித்துத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு டோனர் (தூள் மை) கார்ட்ரிட்ஜ்களைக் கழிவு விலையில் விற்றது. காலியானவற்றைச் சேகரித்து மீண்டும் நிரப்பி விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மீது அது தொடுத்த வழக்கில், ஒரு பொருளை விற்ற கணத்திலேயே அதன் மீது காப்புரிமையைக் கொண்டு அதிகாரம் செலுத்தும் உரிமை முடிந்துவிடுகிறது, அது உள்நாட்டில் விற்கப்பட்டாலும் வெளிநாட்டில் விற்கப்பட்டாலும் சரி, என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2017 மே 30ஆம் திகதி தீர்ப்பளித்தது. (என் பிரிண்டர் அந்த நிறுவனத்தினுடையது அல்ல.) தீர்ப்பு நல்லதுதான், ஆனால் சட்டத்தால் செய்ய முடியாததைச் சிப் செய்துவிடுகிறது, விற்ற பிறகும் கையை எடுக்காமல் இருக்க இப்போது நீதிமன்றம் தேவைப்படுவதில்லை. கியூரிக் என்ற நிறுவனம் 2014இல் வெளியிட்ட கோப்பி இயந்திரமும் இப்படித்தான், மூடியில் தன் அடையாளம் இல்லாத கோப்பிக் குப்பியை ஏற்க மறுத்தது. மக்கள் அடையாளமுள்ள மூடியை வெட்டி மற்றக் குப்பியில் ஒட்டிக் குடித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் தன் தவறை ஏற்றுக்கொண்டு, விரும்பிய கோப்பித் தூளைப் போடும் வடிகட்டியைத் திரும்பக் கொண்டுவந்தது. தேயிலை மலையில் இருந்துகொண்டு கோப்பிக் கதையைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு வேறொன்றையும் நினைவூட்டும். அக்காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளியிடம் ‘துண்டு’ இருக்க வேண்டும். அவருடைய கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய காகிதம் அது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மனிதரைக் கட்டிய கொடுமையையும் ஒரு மைப்பெட்டியையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆயினும் அந்தப் பச்சைத் தகட்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது என் பாட்டி சொன்ன அந்தச் சொல்தான் முதலில் வாயில் வந்தது.

முறைப்பாடு செய்யலாமே என்று கேட்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். கடையில் பழுதாகும் பொருட்களை மனத்தில் வைத்து எழுதிய காலவரையறை அது. விற்று பத்தாம் மாதத்தில், எங்கோ இருந்து கொண்டு, ஒரு மென்பொருளை அனுப்பிப் பொருளின் இயல்பையே மாற்ற முடியும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியபோது யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆரம்பத்தில் ‘சம்மதம்’ என்று நான் அழுத்திய உடன்படிக்கையைப் பிறகு தேடி வாசித்தேன். புதுப்பிப்புகள் கார்ட்ரிட்ஜ்களைத் தடுக்கக்கூடும் என்ற ஒரு வரி அதில் இருக்கத்தான் செய்கிறது. சிங்களத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கிலத்தில், கைத்தொலைபேசித் திரையில் நாற்பது தடவை விரலால் தள்ள வேண்டிய நீளத்தில் இருக்கிறது.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் மை தீர்ந்தால் கறுப்பிலும் அச்சிடாது. எந்த மையும் வேண்டாத ஸ்கேன் வேலைகூட அப்போது நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்ய வந்த ஒரு தாயை இதனால் நான் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு மாலைக்குள் மூன்று தடவை கரண்ட் போய் வரும். ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் பிரிண்டர் தன் தலையைக் கழுவுகிறேன் என்று கறகறத்து மையைக் குடிக்கும்.

பரீட்சை வாரத்தில் வேறு வழியின்றி 6,500 ரூபாவுக்கு அசல் கார்ட்ரிட்ஜே வாங்கினேன். பரீட்சை முடிந்த பிறகு, மையைப் போத்தலிலிருந்து நேரே தொட்டியில் ஊற்றும் வகைப் பிரிண்டர் ஒன்றுக்கு மாறிவிட்டேன். விலை ஏறத்தாழ இரு மடங்கு; ஆனால் தொட்டியில் சிப் இல்லை. இந்த வகை சந்தைக்கு வந்த கதையும் சுவையானது. இந்தோனேசியாவில் மக்கள் பிரிண்டரில் துளையிட்டுக் குழாய் செருகி வெளியிலிருந்து மலிவான மையைப் பாய்ச்சிக்கொண்டிருந்ததைக் கண்ட எப்சன் நிறுவனம், 2010இல் அந்நாட்டிலேயே தன் முதலாவது தொட்டிப் பிரிண்டரை அறிமுகப்படுத்தியது. வாங்குபவர்கள் வேலியைத் தாண்டுவதைப் பார்த்து, வேலியில் கதவு வைத்தார்கள்.

ஆகவே மாதத்துக்கு இருபது முப்பது பக்கங்கள் மட்டும் அச்சிடுபவராக இருந்து, அசல் மையின் விலை தாங்கக்கூடியதாக இருந்தால், இந்தப் பிரிண்டரைத் தாராளமாக வாங்கலாம். அச்சு அழகாக இருக்கும். வகுப்பு நடத்துபவர்களும் கொமியூனிகேஷன் (போட்டோகொப்பிக் கடை) வைத்திருப்பவர்களும் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வைஃபையில் இணைக்காமல் யூஎஸ்பி வயரில் பாவிக்கட்டும். அமைப்புகளுக்குள் சென்று தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்தி வைக்கட்டும். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறதா, புதுப்பிப்பை நிறுத்த முடியுமா.

பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் 4,000 ரூபா கழிப்பதாக அதே கடைக்காரர் சொன்னதால், பிரிண்டரைத் துடைத்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை இயக்கிப் பார்த்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று திருப்திப்பட்டு, கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்தார். இதை வாங்கப் போகிறவரிடம் கார்ட்ரிட்ஜ் விடயத்தைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

“கேட்டாங்கன்னா கட்டாயம் சொல்லுவேங்க சேர்” என்றார்.