கார்டிஃபில் ஒரே நாள்: கேர்ஃபிலியா, காஸ்டெல் கோக்கா?

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் ஒரு பகல்தான், பக்கத்தில் ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் எது, கேர்ஃபிலியா, காஸ்டெல் கோக்கா (சுருக்கமாகக் கோக்)?

போய்ச் சேர: கேர்ஃபிலிக்கு ரயிலில் சுமார் 20 நிமிடம், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கோட்டை. கோக்குக்கு டோங்வின்லைஸ் கிராமம் வரை பேருந்து, அப்புறம் மூச்சு வாங்க ஏற்றம்.

பழமை: கேர்ஃபிலி 1268இல் தொடங்கியது, வேல்ஸிலேயே பெரியது. கோக் 1870களில் பழைய இடிபாட்டின் மேல் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் எழுப்பியது, பியூட் பிரபுவின் பணத்தில்.

பார்க்க: கேர்ஃபிலியில் சுற்றிலும் தண்ணீர், அதன் கரையில் விழப்போவது போலச் சாய்ந்து நிற்கும் கோபுரம், அதற்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு மர மனிதன் (குழந்தைகள் அவனை விட்டு நகராது). கோக்கில் வெளியே ஒன்றும் பெரிதில்லை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் படுக்கையறைக் கூரையில் குரங்குகள்!

நேரம்: முன்னதற்கு 3 மணி நேரமாவது, பின்னதற்கு ஒன்றரை போதும்.

கடூ (வேல்ஸின் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பு) உறுப்பினருக்கு இரண்டுமே இலவசம்.

பிள்ளைகளோடு போனால், வெயிலும் அடித்தால், யோசிக்காமல் கேர்ஃபிலி. மழை என்றால், அங்கே அது அடிக்கடி நடப்பதுதான், கோக்கை முடித்துவிட்டு மாலையில் கார்டிஃப் விரிகுடாவுக்கு வந்து அந்த வெள்ளை நார்வே தேவாலயத்தின் பக்கம் உட்காரலாம்.