காத்திருப்பதா, மாத்திரையா, சுத்தம் செய்வதா?

ஒன்பதாவது வாரம். ஸ்கேன் அறையில் மருத்துவர் ஜெல்லை இரண்டாவது முறை தடவிப் பார்த்துவிட்டு, திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "துடிப்பு இல்லையம்மா. நாளை வெறும் வயிற்றோடு வாருங்கள், சுத்தம் செய்துவிடலாம்." தலையாட்டிவிட்டு வந்தேன். துடிப்பு நின்ற கரு வெளியேற மூன்று வழிகள் உண்டு என்பதே இரண்டாவது கரு கலைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வழியைத் தேடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியவில்லை என்றால், ஒரு வாரமாவது பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். நாள் கணக்கு தவறியிருக்கலாம்.

தானாக வெளியேறட்டும் என்று காத்திருப்பது முதல் வழி. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் பெரும்பாலானோருக்கு 7 முதல் 14 நாள் காத்திருப்பதையே முதலில் வைக்கிறது. உதிரப்போக்கு தொடங்கிவிட்டவர்களுக்கு இது நன்றாகப் பலிக்கும். என்னைப் போல எந்த அறிகுறியும் இல்லாமல் துடிப்பு நின்றவர்களுக்கு வாரக்கணக்கில் இழுக்கலாம். இரண்டாவது முறை, பஸ்ஸில் வந்துவிடுமோ, அலுவலகத்தில் வந்துவிடுமோ என்ற பதைப்போடு ஐந்து நாள் இருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மாத்திரைக்கு மாறினேன். முதலில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன், இரண்டு நாள் கழித்து கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டால். பல இடங்களில் இரண்டாவதை மட்டுமே தருகிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 67 சதவீதத்தினருக்கு மறு பரிசோதனைக்குள் முழுமையாக வெளியேறியது. இரண்டையும் எடுத்தவர்களில் சுமார் 84 சதவீதம். ஆகவே இரண்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. வலி மாதவிடாய் வலியைப் போல இருக்கும் என்றார்கள். இல்லை, அதைவிட மிக அதிகம். வெந்நீர்ப் பையும் வலி மாத்திரையும் கூடவே ஒருவரும் கட்டாயம் வேண்டும். பெரிய நாப்கின்கள் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது, சுத்தம் செய்வது, அதாவது மருத்துவரே கர்ப்பப்பையிலிருந்து கருவை அகற்றுவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், நாளும் நேரமும் முன்பே தெரியும். உதிரம் கொட்டுகிறவர்களுக்கும் கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் இதுதான் சரி. கர்ப்பப்பையில் காயமோ தழும்போ ஏற்படும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. உறிஞ்சி எடுப்பார்களா, சுரண்டி எடுப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். சுரண்டும் பழைய முறையைக் கைவிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"உள்ளேயே விட்டால் விஷமாகிவிடும்" என்று அத்தை பயமுறுத்தினார். மூன்று வழிகளையும் ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில் கிருமித்தொற்று மூன்றிலும் ஒரே அளவுதான், 2 முதல் 3 சதவீதம். எந்த வழியானாலும், ரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கப் போடும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கணக்கில் வராத ஒரு வேறுபாடும் உண்டு. முதல் முறை மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எதை இழந்தேன் என்றே தெரியாமல் வீடு திரும்பினேன். இரண்டாவது முறை விடியற்காலை மூன்று மணிக்கு, வெளியேறியதை என் கணவர் வெள்ளைத் துணியில் சுற்றிச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தார். அது எனக்கு ஆறுதல். அதைப் பார்க்கவே தாங்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மயக்க மருந்துதான் கருணை. பப்பாளியும் மாடிப்படியும் காரணமில்லை. ஏறக்குறைய பாதிக் கருச்சிதைவுகள் குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை.

மகப்பேறு நலச் சட்டம், 1961 கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 அதே விடுப்பைத் தருகிறது. மருத்துவச் சான்று போதும். முதல் முறை 'காய்ச்சல்' என்று எழுதி மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். இரண்டாவது முறை 'கருச்சிதைவு' என்றே எழுதிக் கொடுத்தேன்.