பாலிக் பூலாவ் டுரியான் கடை: பழமும் உண்டு, பாடமும் உண்டு

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் ஊருக்குள் நுழையும் முன்னாலேயே நீலத் தார்ப்பாய் போட்ட கடை ஒன்று வரும், அதுதான். பழம் நன்றாக இருக்கிறது, ஆனால் சீசனில் பினாங்கில் நல்ல டுரியானுக்கா பஞ்சம்? நான் எழுத வந்தது அங்கே பழம் வெட்டும் தமிழ் அண்ணனைப் பற்றி.

நாம் எடுத்த பழங்களை எடை போட்டதும் வெட்டிவிட மாட்டார். மூசாங் கிங், பிளாக் தோர்ன் என்ற இரண்டு டுரியான் ரகங்களையும் தலைகீழாக அடுத்தடுத்து வைத்துவிட்டு, "எது எதுன்னு சொல்லுங்க தம்பி, அப்புறம் வெட்டுறேன்" என்பார். மூசாங்குக்கு அடியில் முள் இல்லாத கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். பிளாக் தோர்னில் அதே இடம் கொஞ்சம் உள்வாங்கி, நடுவில் கறுப்பாக ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் மண்ணும் கீறலுமாகக் கூடையில் கிடக்கும்போது ஆரம்பத்தில் எல்லாமே வெறும் முள் உருண்டைதான். நாம் சொன்ன கையோடு வெட்டிக் காட்டிவிடுகிறாரே, அங்கேதான் கண் பழகுகிறது. சரியா தப்பா என்று அப்போதே தெரியாவிட்டால் வருடக்கணக்கில் டுரியான் தின்றாலும் அடையாளம் பிடிபடாது, என் மாமாவே சாட்சி.

எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. உதாரணத்துக்கு, கோழிக்குஞ்சு ஆணா பெண்ணா என்று பிரிப்பது நிபுணர்கள் பல வருடம் பழகிச் செய்யும் வேலை. 1987-இல் பீடர்மேன், ஷிஃப்ரார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், எந்த இடத்தில் எந்த வடிவத்தைக் கவனிக்க வேண்டும் என்ற சின்னக் குறிப்பைப் படித்ததுமே, அதுவரை ஒன்றும் தெரியாதவர்கள் படங்களைப் பார்த்து நிபுணர்கள் அளவுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது நிதானமாகப் படம் பார்த்துச் சொன்னது. அந்த அண்ணன் லாரியிலிருந்து பழம் இறங்க இறங்க ரகம் சொல்லி வேறு வேறு கூடையில் போடுகிறார், அந்த வேகம் குறிப்பைப் படித்தால் வராது, ஆயிரக்கணக்கில் பார்த்தால்தான் வரும்.

குறை இல்லாமல் இல்லை. கை கழுவக் குழாய் கிடையாது, வாளித் தண்ணீர்தான். கார் நிறுத்த இடம் ரொம்பக் குறுகல். விலையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் ஏமாற்று இல்லை. சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், கூட்டத்தில் அவருக்குப் பேச நேரமிருக்காது, பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.