ஃபெனிடோயின், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம்: எந்த ஃபிட்ஸ் மாத்திரை மூளையை எப்படித் தொடும்?

வலிப்புக்கு அடிக்கடி எழுதித்தரும் மாத்திரைகள் இவை. மூன்றும் வலிப்பை அடக்கும். ஆனால் மூளையைத் தொந்தரவு செய்யும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அது மாத்திரையின் வேலை என்று தெரியாமல், ஆளைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

ஃபெனிடோயின் 1938 முதல் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. சிக்கல் அளவில்தான். ஒரு கட்டத்துக்கு மேல் கல்லீரலால் அதை ஈடுகொடுத்துக் கழிக்க முடியாது. 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் ரத்தத்தில் இரண்டு மடங்குகூட ஏறிவிடலாம். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை சரி. 20 தாண்டினால் கண்மணி தானாக ஆடும், 30 தாண்டினால் நடை தள்ளாடும். என் சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், சட்டைப் பொத்தானை ஓட்டையில் நுழைக்க முடியாமல் நின்றார். குடித்திருக்கிறார் என்றே நினைத்தோம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மாத்திரையைக் குறைத்ததும் நடை திரும்பியது. பல வருடம் அளவு மீறிப் போனால் சிறுமூளையே சுருங்கக்கூடும்.

வால்ப்ரோயேட் என்றால் எல்லோரும் கல்லீரல் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதைவிடப் பயம் அம்மோனியா, அதாவது கல்லீரல் கழிக்க வேண்டிய ஒரு கழிவு. கல்லீரல் ரிப்போர்ட் நார்மலாக இருக்கும்போதே ரத்தத்தில் அம்மோனியா ஏறி, ஆள் மந்தமாகி, பேச்சு குழம்பி, கோமா வரை போகலாம். கூடவே டோபிராமேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையும் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். ‘களைப்பு, தூங்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். வாந்தியும் புதிதாக வந்த மந்தமும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மோனியா பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது வராது. எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்துச் சுருக்காக லேபில் சேர்க்க வேண்டும். அப்புறம், கர்ப்ப காலத்தில் இந்த மருந்து வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். கல்யாண வயதுப் பெண்ணுக்கு எழுதினால் வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

லெவெடிராசெட்டம் மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது. சர்க்கரை, பிரஷர் என்று ஏற்கெனவே பல மாத்திரை விழுங்கும் பெரியவர்களுக்கு, மூன்றில் இதுதான் வசதி என்பேன். சிறுநீரகம் பழுதென்றால் மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். ஆனால் இது மனதில் கைவைக்கும். சாதுவான பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறியும், காரணமில்லாமல் அழும். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரும். ‘கொழுப்பு’ என்று திட்டாமல், எந்தத் தேதியில் மாத்திரை தொடங்கியது என்று பாருங்கள். சாகவேண்டும் என்று ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்துவிடலாம்.