நேரோபோட்டுக்கு எந்த ஜெனரேட்டர்: டீசலா, பெட்ரோலா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் என்னும் ஒடுங்கிய நீளப் படகில் குடியிருப்பவர்களுக்குக் கோடையில் சோலார் பேனல் பெரும்பாலும் போதும். நவம்பர் வந்தால் பேட்டரி ஏறாது. அப்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது.

கையில் தூக்கும் பெட்ரோல் ரகம் மலிவு. ஹோண்டா EU22i என்ற மாடல் சுமார் 21 கிலோ, தொடர்ந்து 1.8 கிலோவாட் தரும். பேட்டரி சார்ஜருக்குத் தாராளம். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சுடவைக்கும்போது திணறும். ஆனால் என் கவலை திறனைப் பற்றியது அல்ல, பெட்ரோலைப் பற்றியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் இறங்கித் தேங்கும். ஒரு பொறி போதும். அதனால் எஞ்சின் ஆறிய பிறகு, கரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு திறந்த ஜன்னல் வழியே உள்ளே வரும். அதற்கு மணமில்லை, அலாரம் கட்டாயம் வேண்டும்.

படகிலேயே பொருத்தும் டீசல் ரகம் படகு எஞ்சினின் டேங்கிலிருந்தே டீசலைக் குடிக்கும், தண்ணீரால் குளிரும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுவதைவிட 1500 சுற்றில் ஓடுவதை வாங்குங்கள். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். விலையும் எடையும் கூடுதல்தான். பெரிதாக வாங்கிவிட்டு லேசான சுமையில் ஓட்டினால் கரி படியும். பில்டரையும் பம்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) கை எட்டிக் கழற்ற முடிகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

வருடம் முழுக்கக் குடும்பத்தோடு குடியிருந்தால் டீசல்தான், யோசிக்கவே வேண்டாம். தனி ஆள், நல்ல சோலார், துவைக்க லாண்டரி என்றால் பெட்ரோல் சரி. எதுவானாலும் இரவு 8 முதல் காலை 8 வரை பக்கத்துப் படகுகள் இருக்கும் இடத்தில் ஓட்டக் கூடாது.