பழைய ஆல்ஃபா ரோமியோ வாங்கப் போகிறவர்களுக்கு: ‘கொஞ்சம் தகர வேலைதான்’ என்பவரை நம்பாதீர்கள்

கோலாலம்பூரில் பழைய இத்தாலியக் கூப்பே (இரண்டு கதவுக்) கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். “1974ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி, ஒரே உரிமையாளர், கொஞ்சம் தகர வேலை மட்டும் பாக்கி” என்று விளம்பரம் செய்து, செகாம்புட் பக்கம் ஒரு பட்டறைக்காரர் எனக்கு விற்ற காரில் 2000 என்ஜினும் இல்லை, உறுதியான உடலும் இல்லை, என் பெயருக்கு மாற்றக்கூடிய பத்திரமும் இல்லை. 88,000 வெள்ளி (ரிங்கிட்) கைமாறிவிட்டது. விவகாரம் போலீஸ் விசாரணையில் இருப்பதால் பெயர்களை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

இந்தக் காரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ இருபதுகளின் தொடக்கத்தில், பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது வரைந்த வடிவம் இது. 1963இல் ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி என்ற பெயரில் வெளிவந்தது. அதன் வரிசையில் 1971இல் வந்தது 2000 ஜிடிவி: 1962 சிசி அலுமினிய என்ஜின், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், ஐந்து கியர், ஏறத்தாழ 130 குதிரைத்திறன். அதே உடலில் 1300 ஜூனியரும் உண்டு. அது 1290 சிசி, ஏறத்தாழ 90 குதிரைத்திறன். இரண்டுமே அருமையான கார்கள். ஜூனியரை ஜூனியர் என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்திருந்தால் நான் மனமுவந்து வாங்கியிருப்பேன்.

பட்டறைக்காரரின் பேச்சில் தேன் ஒழுகியது. “அண்ணே, பினாங்கில் ஒரு பெரியவர் வைத்திருந்த கார். தொண்ணூறுகளில் கொட்டகையில் நிறுத்தியதுதான், அதன் பிறகு யாரும் கைவைத்ததில்லை. கீழே கொஞ்சம் தகர வேலை இருக்கிறது, கார்ப்ரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் ஓடிவிடும். பெயர் மாற்றத்துக்குப் பெரியவரே வந்து கைரேகை வைத்துவிடுவார்” என்றார். நம்பர் பிளேட்டும் பினாங்கின் P எழுத்தில் தொடங்கியது. கெரான் என்று நாம் சொல்லும் வாகன உரிமைப் பத்திரத்தைக் காட்டினார். அதில் 1962 சிசி என்று இருந்தது; என்ஜின் அறைத் தகட்டில் இருந்த சேசிஸ் எண்ணும் பத்திரத்து எண்ணும் ஒத்துப்போயின. என்ஜின் எண் இருக்கும் இடம் மட்டும் கிரீஸும் புதுப் பெயிண்டுமாக இருந்தது. காரை லிஃப்டில் ஏற்றச் சொன்னேன். லிஃப்ட் பழுது என்றார். அதனால் குனிந்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதி முழுவதும் காந்தம் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது.

ஒட்டும்படிதான் செய்திருந்தார்கள். பணத்தைக் கொடுத்து, காரை இழுவை லாரியில் ஏற்றி, செந்தூலில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காரை லிஃப்டில் உயர்த்திவிட்டு, விரல் முட்டியால் சில்லைத் தட்டிக்கொண்டே போனவர் பாதியில் நின்றார். “தம்பி, இரும்புச் சத்தம் வரவில்லையே” என்றார். கறுப்புத் தார்ப்பூச்சைச் சுரண்டினால் உள்ளே புத்தம் புதிய மெல்லிய தகடு. அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் வெல்டிங், விளிம்பில் பட்டி. தகட்டின் ஓரத்தை உளியால் நெம்பியபோது மஞ்சள் நிற ஃபோம் பிதுங்கி வந்தது. ஃபோமுக்குப் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதற்கும் பின்னால் சில் இல்லை. கையில் எடுத்தால் உதிர்கிற பழுப்புத் தூள்தான் இருந்தது. அந்தச் செய்தித்தாளை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். மலாய் நாளிதழ், தேதி 2021. தொண்ணூறுகளிலிருந்து யாரும் தொடாத காருக்குள் 2021ஆம் ஆண்டுப் பேப்பர்!

இது அழகு சம்பந்தப்பட்ட குறை அல்ல. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; உடலே சட்டகம். உள்ளே, நடுவே, வெளியே என்று தகடுகள் சேர்ந்து பெட்டி போல் அமைந்த சில்தான் முன்பகுதியையும் பின்பகுதியையும் தாங்குகிறது. அதை ஃபோமால் நிரப்பி விற்பது, ஒரு குடும்பத்தை அந்தக் காரில் ஏற்றி நெடுஞ்சாலைக்கு அனுப்புவது. எனக்குப் பணம் போனதைவிட இதில்தான் கோபம் அதிகம்.

அடுத்து என்ஜின். கிரீஸையும் பெயிண்டையும் துடைத்தபோது பிளாக்கில் இருந்த எண் 00530 என்று தொடங்கியது. 2000 ஜிடிவியின் என்ஜின் 00512 என்றும், 1750 என்ஜின் 00548 என்றும் தொடங்க வேண்டும். 00530 என்பது 1300 ஜூனியருடையது. ஒரே குடும்பத்து என்ஜின்கள் என்பதால் வால்வு மூடியை மட்டும் பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. பத்திரத்தில் ஓர் என்ஜின் எண், காரில் வேறு எண் என்றால், உரிமை மாற்றத்துக்கு முன் நடக்கும் பி5 என்ற வாகனப் பரிசோதனையில் கார் தேறாது.

சேசிஸ் எண்ணையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் புதியவை. என்ஜின் அறையின் பின்சுவரில், இரும்பிலேயே எண் அடித்திருக்கும் இடத்தில் பெயிண்டை உரித்தபோது, எண்ணைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு வெல்டிங் கோடு தெரிந்தது. வேறொரு காரிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டின் அடிப்பெயிண்ட் சிவப்பு. சுற்றியுள்ள உடலின் அடிப்பெயிண்ட் காவி கலந்த மஞ்சள்.

பத்திரத்தில் இருந்த பினாங்கு பூலாவ் திக்குஸ் முகவரிக்கு நேரில் போனேன். கதவைத் திறந்த அம்மையார், அந்தப் பெரியவரின் மகள். அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார். காரைப் பற்றிக் கேட்டதும் உள்ளே போய் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துவந்து காட்டினார்: சிவப்பு ஜிடிவி, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அவர் அப்பா. துருப்பிடித்துப் போனதால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பத்திரம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. கைரேகை வைக்க வருவார் என்று எனக்குச் சொல்லப்பட்ட மனிதர், பேரம் நடந்த காலத்தில் உயிரோடு இல்லை. இறந்தவர் பெயரில் உள்ள வாகனத்தை வாரிசுகள் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் மாற்ற முடியும். அந்தக் குடும்பமோ காரை விற்கவே இல்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு பட்டறைக்காரரிடம் போனபோது, “பழைய கார் என்றால் இதெல்லாம் சகஜம் அண்ணே” என்றார். இல்லை. துருப்பிடிப்பது சகஜம். பின்பக்க டிக்கியில் பேட்டரி இருக்கும் தட்டு அரித்துப்போவது, இரண்டாவது கியர் கரகரப்பது, ஹெட் கேஸ்கெட்டில் எண்ணெய் கசிவது எல்லாம் இந்தக் காரில் சகஜம். அதற்கெல்லாம் நான் பணம் ஒதுக்கியே வைத்திருந்தேன். இறந்த காரின் எண்ணை இன்னொரு காரில் ஒட்டுவது குற்றம். அப்படிப்பட்ட காரைச் சாலையில் பிடித்தால் அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். இழப்பு வாங்கியவருக்கு.

இன்னொரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். எனக்குக் கொடுத்த ரசீதில் பட்டறையின் பெயர் இல்லை. தனிநபர் ஒருவரின் பெயர்தான் இருந்தது. அப்போது கேட்டதற்குக் கணக்கு வசதிக்காக என்றார். இப்போது, “நான் வியாபாரி இல்லை, நண்பருக்காக விற்றுக் கொடுத்தேன்” என்கிறார். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு வியாபாரியாக இருக்க வேண்டும். இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான விற்பனை அங்கே செல்லாது. அந்தக் கதவை அடைக்கத்தான் அப்படி ரசீது போட்டிருக்கிறார். நல்லவேளையாக அவருடைய விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகள், பட்டறைப் பெயர்ப்பலகையின் முன் கார் நிற்கும் படம் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன். நீங்களும் பேரத்தின் முதல் நாளிலிருந்தே சேமியுங்கள். விளம்பரத்தை அவர் நீக்கிவிட்டார்.

இந்த வகைக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டையும் சீட்டையும் கடைசியில் பாருங்கள். மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுபோய் என்ஜின் எண்ணை நீங்களே துடைத்துப் படியுங்கள். ‘பிறகு காட்டுகிறேன்’ என்றால் பணமும் பிறகுதான். கதவைத் திறந்து வைத்து, சில்லின் அடியில் உள்ள ஜாக் குழாயில் ஜாக்கைப் பொருத்தி உயர்த்தச் சொல்லுங்கள். குழாய் உள்ளே அமுங்கினாலோ, உயர்த்திய பிறகு கதவு பழையபடி மூட மறுத்தாலோ, உடலின் பலம் போய்விட்டது. காந்தத்தை நம்பாதீர்கள், சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா, அவற்றில் கம்பி நுழைகிறதா என்று பாருங்கள். இத்தாலியில் அரேசேவில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவணக் காப்பகத்துக்கு எழுதினால், சேசிஸ் எண்ணை வைத்து அந்தக் கார் எப்போது தயாரானது, முதலில் என்ன நிறம் என்று சொல்வார்கள். பத்திரத்தில் பெயருள்ளவரை நேரில் சந்திக்காமல் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றம் முடிந்த அன்றுதான் மீதிப் பணம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அந்தப் பட்டறையில் இப்போது வெள்ளை நிற லான்சியா ஃபுல்வியா கூப்பே ஒன்று நிற்கிறது; இதற்கும் அதே ‘கொஞ்சம் தகர வேலை’ விளம்பரம்தான். அந்தக் கார் எப்படிப்பட்டது என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கப் போகிறவர்கள், என்ஜினைத் தாங்கும் முன்பக்கத் துணைச் சட்டகம் உடலோடு சேரும் இடங்களைக் கட்டாயம் அடியிலிருந்து பாருங்கள்; ஃபுல்வியா துருப்பிடித்து வலுவிழப்பது பெரும்பாலும் அங்கேதான். செகாம்புட் பகுதியில் இப்படி யாராவது ஏற்கெனவே கார் வாங்கியிருந்தால், எண்களை இன்றே சரிபார்த்துவிட்டுப் போலீசில் புகார் கொடுங்கள். இப்போதைக்கு விசாரணை அதிகாரியிடம் இருப்பது என் புகார் ஒன்றுதான்.