பட்ஜி கேட்க ஆரம்பிக்கிறீர்களா? 1973-இலா, 1980-இலா?

வேல்ஸின் கார்டிஃபில் 1967-இல் உருவான மூவர் ராக் குழு பட்ஜி. பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் பர்க் ஷெல்லி மட்டும் கடைசிவரை மாறவில்லை. கிட்டார்காரர் மாறியதும் குழுவே வேறாகிவிட்டது. எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பதுதான் குழப்பம்.

கிட்டார்
டோனி போர்ஜ் (1978 வரை): கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு), நடுவில் திடீரென மென்மை. 1973 ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பிரெட்ஃபேன்’ அப்படித்தான்: பாய்ந்து வருகிறது, பாதியில் தணிகிறது, மறுபடி பாய்கிறது. மெட்டல் குழுவான மெட்டாலிகா 1988-இல் இதை எடுத்து வாசித்தது சும்மா இல்லை. கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) வரும்போது பின்னால் இன்னொரு கிட்டார் கிடையாது. அந்தப் பள்ளத்தை ஷெல்லியின் பேஸ்தான் நிரப்புகிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள்.
ஜான் தாமஸ் (1980 ஆல்பத்திலிருந்து): நேரடி அடி, சுற்றிவளைப்பு இல்லை.

பாட்டு நீளம்
போர்ஜ்: அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பத்து நிமிடம். பொறுமை வேண்டும்.
தாமஸ்: சுருக்கம்.

மேடை
போர்ஜ் காலத்தில் பெரும் வெற்றி எட்டவில்லை. தாமஸோடு 1982-இல் இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவின் வெள்ளிக்கிழமை இரவில் இவர்கள்தான் தலைமைக் குழு. 1988-இல் கலைந்தார்கள்.

பிளாக் சபாத் பிடித்தவர்களுக்கு 1973. ஐயன் மெய்டன் பக்கமிருந்து வருபவர்களுக்கு 1980-இன் ‘பவர் சப்ளை’ ஆல்பம். 1978 ஆல்பத்தில் மட்டும் தொடங்காதீர்கள். ஃபங்க் வாடை வீசும், தப்பான அபிப்பிராயம் வந்துவிடும்.